பால் கொழுக்கட்டை பாலில் கரைகிறது, கரையாதது நடுவில் வேகவில்லை – எங்கே தவறு?

#1 புதுஅடுப்பு

எல்லாருக்கும் வணக்கம். பால் கொழுக்கட்டை இரண்டு தடவை செய்து இரண்டும் கெட்டுப்போச்சு. செய்ததை அளவோடு போடுகிறேன், எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

கடை அரிசி மாவு 1 டம்ளர் (200 மி.லி. டம்ளர்). சிட்டிகை உப்பு. பச்சைத் தண்ணீர் தெளித்து, சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டினேன். அரை லிட்டர் பாலைக் காய்ச்சி, முக்கால் டம்ளர் வெல்லத்தூள் போட்டு, கொதிக்கும்போது உருண்டைகளை மொத்தமாகப் போட்டுக் கிளறினேன். முதல் தடவை உருண்டை போடுவதற்கு முன்பே பால் திரிந்துவிட்டது. அடுத்த தடவை வெல்லத்துக்குப் பதில் சர்க்கரை. பால் திரியவில்லை, ஆனால் பாதி உருண்டை கரைந்து கஞ்சியாகிவிட்டது. மீதியைப் பிட்டால் நடுவில் வெள்ளை வெளேரென்று மாவு. இருபது நிமிடம் கொதித்தும் அந்த வெள்ளை போகவில்லை. சாப்பிட வேண்டியவர்கள் 3 வயதும் 6 வயதும்.

#2 ஈரமாவு

மூன்று தவறு, மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

கரைந்தது பச்சைத் தண்ணீரால். கோதுமை மாவு பச்சைத் தண்ணீரிலேயே இழுபடும். அரிசி மாவுக்கு அந்த இழுவை கிடையாது. அதில் பிடிமானம் வருவதே மாவுச்சத்து சூட்டில் வீங்கிக் குழையும்போதுதான், அதற்குச் சுமார் 70 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நீங்கள் உருட்டியது வெறும் ஈர மாவு. கொதியில் விழுந்ததும் மேல்மாவு உதிர்ந்து பாலோடு போய்விட்டது. கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கிளறிப் பாதி வேக்காடு ஏற்றிவிட்டுத்தான் உருட்ட வேண்டும்.

நடுவில் வேகாதது இனிப்பால். சர்க்கரையோ வெல்லமோ கரைந்த பாலில் அரிசி சுலபத்தில் வேகாது. இனிப்பு தண்ணீரைத் தன்னோடு பிடித்துக்கொள்ளும், மாவு வீங்கத் தேவையான சூடும் கூடிவிடும். பாயசத்தில் அரிசி குழைந்த பிறகே வெல்லம் போடுவதும் இதனால்தான். முதலில் வேக்காடு, பிறகு இனிப்பு. இந்த வரிசை மாறினால் நடுவில் வேக வெகு நேரம் பிடிக்கும்.

பால் திரிந்தது வெல்லத்தின் புளிப்பாலும் சூட்டாலும். ஆறிய பாலில் அதே வெல்லம் ஒன்றும் செய்யாது, கொதிக்கும் பாலில் போட்டால் திரித்துவிடும்.

என் அளவு இது. மாவு 1 டம்ளர், தண்ணீர் 1 டம்ளர், இன்னொரு கால் டம்ளர் வெந்நீர் கைவசம். தண்ணீரில் இரண்டு சிட்டிகை உப்பும் 1 டீஸ்பூன் நல்லெண்ணெயும் விட்டு, தளதளவென்று கொதித்ததும் அடுப்பைக் குறைத்து, மாவை ஒரே வீச்சில் கொட்டி, மரக்கரண்டிக் காம்பால் கிளறி, மூடி போட்டு அணைத்துவிடுங்கள். 5 நிமிடம் அப்படியே கிடக்கட்டும். கை பொறுக்கும் சூட்டில் அழுத்திப் பிசையுங்கள். கொஞ்சம் எடுத்து உருட்டிக் கட்டைவிரலால் அமுக்கினால் ஓரம் வெடிக்கக் கூடாது. வெடித்தால் வெந்நீர் ஒரு கை தெளித்துப் பிசையுங்கள். உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் கூடிவிட்டது, ஒரு கரண்டி மாவு சேர்த்து இன்னொரு நிமிடம் அடுப்பில் கிண்டினால் சரியாகும். உருட்ட உருட்ட மீதி மாவை ஈரத்துணியால் மூடி வையுங்கள், காற்றுப் பட்டால் மேல்தோல் காய்ந்து அதுவும் வெடிக்கும்.

வேகவைக்க 2 டம்ளர் தண்ணீரும் 1 டம்ளர் பாலும் கலந்து கொதிக்க விடுங்கள். முழுப்பாலில் போட்டால் அடிப்பிடிக்கும். உருண்டைகளை மூன்று ஈடாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கொதி அடங்கிவிடும், கொதி அடங்கிய பாலில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் மாவு கரையும். ஒரு ஈடு போட்டதும் கரண்டி வைக்கவே கூடாது. மறுபடி கொதி ஏறி, அடியில் கிடந்தவை ஒவ்வொன்றாய் மேலே எழும்பி வரும். அப்போது அடுத்த ஈடு. எல்லாம் போட்ட பிறகு மிதமான தீயில் 8 முதல் 10 நிமிடம். ஒன்றை எடுத்துக் கத்தியால் நறுக்கிப் பாருங்கள், வெட்டின முகம் முழுக்க ஒரே நிறமாகக் கண்ணாடி போல் இருந்தால் வெந்துவிட்டது. இனிப்பு அதற்குப் பிறகுதான்.

#3 காரைவீடு

ஈரமாவு சொன்ன காரணங்கள் சரி. ஆனால் செட்டிநாட்டுப் பக்குவத்தில் உருட்டுகிற வேலையே இல்லை, அச்சில் பிழிவதுதான். குழந்தைகளுக்கு அதுதான் வாகாக இருக்கும்.

பச்சரிசி 1 டம்ளரை 2 மணி நேரம் ஊறவைத்து, களைந்து, தண்ணீர் அளவாக விட்டு வெண்ணெய் போல் அரைக்க வேண்டும். விரலில் தேய்த்தால் நறநறப்பு தெரியவே கூடாது. குருணை இருந்தால் பிழியும்போது நூல் அறுந்து அறுந்து விழும். அரைத்ததைத் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, அடிகனமான வாணலியில் உப்பும் ஒரு கரண்டி எண்ணெயும் விட்டு, சிறு தீயில் கிண்டவும். முதலில் அடியில் திட்டுத் திட்டாகக் கட்டும், பயப்பட வேண்டாம். விடாமல் கிண்டினால் ஐந்தாறு நிமிடத்தில் எல்லாம் ஒன்று சேர்ந்து கரண்டியோடு சுருண்டு வரும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்கி மூடி வைத்து, சூடு இருக்கும்போதே தேன்குழல் அச்சில் பிழிய வேண்டும்.

எங்கள் பக்கம் மாட்டுப்பாலைவிடத் தேங்காய்ப்பால்தான். நடுத்தரத் தேங்காய் ஒன்று. முதல் பால் முக்கால் டம்ளர் எடுத்துத் தனியே வைத்துவிட வேண்டும். இரண்டாம், மூன்றாம் பால் சேர்த்து 3 டம்ளர். அந்தத் தண்ணிப்பால் கொதிக்கும்போது நேராக அதன் மேலேயே பிழிந்து, ஒரு பிழிவு வெந்து மிதந்ததும் கரண்டிக் காம்பால் விரல் நீளத்துக்கு உடைத்துவிட்டு அடுத்த பிழிவு. நூல் மெலிசு என்பதால் 3, 4 நிமிடத்தில் வெந்துவிடும். பிறகு சர்க்கரை முக்கால் டம்ளர். அடுப்பை அணைத்து, கொதி முழுக்க அடங்கின பிறகு முதல் பாலும் 3 ஏலக்காய்த் தூளும். முதல் பாலை விட்டபின் கொதிக்க விட்டால் எண்ணெயும் தண்ணீருமாகப் பிரிந்து நிற்கும், மணமும் போய்விடும்.

சர்க்கரை போட்டால் வெள்ளை வெளேரென்று இருக்கும், திரியும் பயமும் இல்லை.

#4 நெல்லைச்சீமை

சர்க்கரையில் செய்தால் பார்க்க அழகு, ஒத்துக்கொள்கிறேன். ருசி வெல்லத்திலும் கருப்பட்டியிலும்தான். வெல்லம் போட்டால் திரியும் என்று யாரும் விட்டுவிட வேண்டாம், திரியாமல் செய்யலாம்.

வெல்லத்தைத் தூளாக நேரே போடவே கூடாது. முக்கால் டம்ளர் வெல்லத்துக்குக் கால் டம்ளர் தண்ணீர் விட்டு, கரைகிற வரை மட்டும் சூடாக்கி, மெல்லிய துணியில் வடிகட்டி ஆறவிடுங்கள். பாகு காய்ச்ச வேண்டாம். வடிகட்டின துணியைப் பாருங்கள், மணலும் கரும்புச் சக்கையும் எவ்வளவு நிற்கிறது என்று தெரியும். கருப்பட்டியில் இன்னும் கூடுதலாக நிற்கும். வெந்த கொழுக்கட்டையை இறக்கி, விரல் வைத்தால் பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகு, வெல்லக் கரைசலை மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். அதன் பிறகு அடுப்பில் ஏற்றக் கூடாது. இளஞ்சூட்டில் பரிமாறினால் போதும்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால், மாட்டுப்பாலை விட்டுத் தண்ணீரிலேயே கொழுக்கட்டையை வேகவைத்து, அதிலேயே வெல்லக் கரைசலை விட்டு இரண்டு கொதி வரவிட்டு இறக்கி, கடைசியில் காய்ச்சி ஆறவைத்த பால் 1 டம்ளர் சேர்க்கலாம். வெல்லத்தின் பச்சை வாசனையும் போகும், பாலும் திரியாது. எனக்கு இதுதான் பிடித்த வழி.

சிலர் சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டால் திரியாது என்பார்கள். புளிப்பு மாறும்தான், ஆனால் வாயில் ஒரு சவர்க்காரச் சுவை நிற்கும், மாவும் கொழகொழக்கும். வேண்டவே வேண்டாம்.

பளீர் மஞ்சளாக இருக்கிற வெல்லம் வாங்காதீர்கள், அது பெரும்பாலும் வெளுப்பு மருந்து போட்டதாக இருக்கும். அழுக்குப் பழுப்பாக, உடைத்தால் உள்ளேயும் அதே நிறமாக இருப்பதே நல்லது. கருப்பட்டி என்றால் உடன்குடிச் சரக்கு கேட்டு வாங்கலாம், அதற்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. உடைத்த இடத்தில் சீனி மாதிரி மினுமினுத்தால் சர்க்கரை கலந்தது என்று வைத்துவிடுங்கள். கருப்பட்டிக்கு ஏலக்காய் வேண்டாம், சுக்குத்தூள் கால் டீஸ்பூன் போதும்.

#5 புதுஅடுப்பு

ஈரமாவு, காரைவீடு, நெல்லைச்சீமை மூவருக்கும் நன்றி. வரிசை புரிந்துவிட்டது. என்னிடம் இருப்பது கடையில் விற்கும் சாதா அரிசி மாவு. இடியாப்ப மாவு பாக்கெட்டும் இருக்கிறது. எதை எடுப்பது? இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீரா?

#6 கோலப்பொடி

ஒரே அளவு இல்லை. பாதிப் பேருக்குத் தப்பாவது இந்த இடத்தில்தான்.

சாதா அரிசி மாவு பெரும்பாலும் காய்ந்த அரிசியை அப்படியே அரைத்தது. கொஞ்சம் பரபரவென்று இருக்கும், பசை குறைவு. இடியாப்ப மாவு ஊறவைத்து அரைத்து வறுத்தது. வறுபட்ட மாவு காய்ந்து கிடப்பதால் கூடுதல் தண்ணீர் குடிக்கும், 1 டம்ளருக்கு ஒன்றேகால் டம்ளர் கொதிநீர் வேண்டும். வீட்டில் இடித்த ஈர மாவை வறுக்காமல் அப்போதே பயன்படுத்தினால் முக்கால் டம்ளரே போதும், அதில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது. இருக்கிற இரண்டில் இடியாப்ப மாவை எடுங்கள்.

வீட்டில் தயாரிப்பதென்றால் மாவுப் பச்சரிசி என்று கேட்டு வாங்குங்கள். அரை கிலோவை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் பரப்பி அரை மணி நேரம். கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் அரிசி கையில் ஒட்டக் கூடாது. மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலித்து, வெறும் வாணலியில் சிறு தீயில் வறுக்கவும். முதலில் ஆவி வரும், மாவு கட்டி கட்டியாகப் புரளும். ஆவி அடங்கி மாவு மணல் போல் ஓட ஆரம்பித்ததும், ஒரு சிட்டிகை எடுத்து விரல் இடுக்கில் விட்டுத் தரையில் கோடு இழுத்துப் பாருங்கள். கோலம் அறுந்து போகாமல் விழுந்தால் இறக்கிவிடலாம். நிறம் மாறவே கூடாது. சிவந்தால் கொழுக்கட்டை ரப்பர் மாதிரி இறுகும். ஆறின பின் இன்னொரு முறை சலித்து டப்பாவில் போட்டால் ஒரு மாதம் கெடாது.

புழுங்கலரிசி மாவில் செய்தால் விறைத்துப்போகும். பாசுமதி வேண்டாம், உதிரி அரிசிக்குப் பசை வராது. புது அரிசி குழையும், தண்ணீர் கொஞ்சம் குறையுங்கள்.

#7 காரைவீடு

கோலப்பொடி சொன்னதோடு ஒன்று. பாக்கெட் மாவைச் சலித்துப் பாருங்கள், நாள்பட்டதில் பூச்சிக்கூடு நூல் நூலாக நிற்கும்.

பால் தண்ணீராக இருக்கிறதே என்று சிலர் கவலைப்படுவார்கள். கொழுக்கட்டை மாவிலேயே நெல்லிக்காய் அளவு எடுத்து வைத்து, கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, இனிப்புச் சேர்ப்பதற்கு முன் ஊற்றினால் திக்காகிவிடும்.

#8 ஈரமாவு

கரைத்து ஊற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கொழுக்கட்டை வேகும்போதே கொஞ்சம் மாவு இறங்கிப் பாலைத் திக்காக்கும், ஆறினால் இன்னும் இறுகும். அடுப்பில் இருக்கும்போதே பாயசப் பதத்தில் இருந்தால் அரை மணியில் களியாகிவிடும். இறக்கும்போது மோர் மாதிரி தளர இருக்கட்டும், தட்டில் போடும்போது சரியான பதத்துக்கு வந்திருக்கும்.

#9 காரைவீடு

உருட்டிப் போடுகிறவர்களுக்கு அது சரி. அச்சில் பிழிந்த நூலில் மாவு அவ்வளவாக இறங்காது, பால் தண்ணீராகவே நிற்கும். கரைசல் ஊற்றச் சொன்னது அதற்குத்தான்.

#10 ஈரமாவு

அப்படியென்றால் சரி, பிழிகிறவர்கள் ஊற்றலாம்.

#11 சின்னக்கரண்டி

இழையில் இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். தொடங்கியவர் வீட்டில் 3 வயதுக் குழந்தை இருக்கிறது. உருண்டையாக, வழுவழுவென்று, மெல்ல நேரமெடுக்கிற பண்டம் சின்னக் குழந்தைக்குத் தொண்டையில் அடைக்கக்கூடியது. வெந்த கொழுக்கட்டைக்கு இந்த மூன்று குணமும் உண்டு, கூடவே பாலில் மிதந்து சறுக்கிக்கொண்டு போகும். 4 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு முழு உருண்டை கொடுக்காதீர்கள்.

அதற்காகக் கொழுக்கட்டையே வேண்டாம் என்பதில்லை, வடிவத்தை மாற்றினால் போதும். காரைவீடு சொன்ன அச்சுப் பிழிவு நல்லது, நூலை அரை விரல்கடை நீளத்துக்கு உடைத்துவிடுங்கள். கையில் செய்வதென்றால் மிளகைவிடச் சற்றே பெரிதாகக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் ஒரே இழுப்பு. சின்னச் சிப்பி போலக் குழிந்து மெலிசாகச் சுருளும். அது சீக்கிரம் வேகும், குழியில் பால் தேங்கும், மெல்ல எளிது. பெரிய பிள்ளைக்கும் இதுவே பிடிக்கும், பால் உள்ளே ஏறுவதால் மாவு தனியே சப்பென்று இருக்காது. உட்கார வைத்து, ஒரு கரண்டிக்கு இரண்டு மூன்று துண்டாகக் கொடுங்கள். ஓடி விளையாடுகிற பிள்ளையின் வாயில் ஊட்ட வேண்டாம்.

இனிப்பைப் பற்றியும் சொல்கிறேன். 1 டம்ளர் மாவுக்கு முக்கால் டம்ளர் வெல்லம் பெரியவர்கள் கணக்கு. பிள்ளைகளுக்கு அரை டம்ளர் போதும், தேங்காய்ப்பாலிலேயே ஓர் இனிப்பு இருக்கிறது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு வெல்லமும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம்.

#12 வலிகாமம்

இதற்கு நெருங்கின சொந்தம் எங்கட யாழ்ப்பாணப் பக்கத்தில ஆடிக்கூழ். ஆடி முதலாம் திகதி ஆடிப்பிறப்புக்குக் காய்ச்சுறது. பிள்ளையள் விரும்பிக் குடிக்கும். அதுக்குள்ளயும் மாவை உருட்டிச் சில்லறைக் காசு மாதிரித் தட்டிப் போடுறது வழக்கம். சின்னக்கரண்டி சொன்ன அதே தட்டை வடிவம்தான்.

நாலைஞ்சு பேருக்கு அளவு: வறுத்த பச்சையரிசி மா 1 பேணி (டம்ளர்), வறுத்துக் கோது (தோல்) நீக்கின பாசிப்பயறு கால் பேணி, தேங்காய் ஒண்டு, பனங்கட்டி (கருப்பட்டி) 250 கிராம், சின்னனாய் வெட்டின தேங்காய்ச் சொட்டு ஒரு கைபிடி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, சீரகத்தூள் அரைத் தேக்கரண்டி, ஏலம் மூண்டு, உப்பு அளவுக்கு.

மாவில முக்கால்வாசியைச் சுடுதண்ணி விட்டுக் குழைச்சுக் காசு தட்டுங்கோ. மிச்சத்தைப் பச்சைத்தண்ணியில கட்டியில்லாமல் கரைச்சு வையுங்கோ. தேங்காயில முதற்பாலை எடுத்து வைச்சிட்டு, இரண்டாம் மூண்டாம் பால் சேர்த்து 5 பேணி. அதில முதல் பயறு அவியட்டும். மசியக் கூடாது, நசுக்கினால் நசியிற பதம் காணும். பிறகு சொட்டும் காசுகளும். காசுகள் மிதந்து அவிஞ்ச பிறகு, பனங்கட்டியைத் தனியக் கரைச்சு வடிச்சு விடுங்கோ. அதுக்குப் பிறகுதான் கரைச்ச மா. அந்த நேரம் கை ஓயாமல் துழாவ வேணும், விட்டால் அடியில பிடிச்சிடும். இரண்டு கொதி வந்ததும் முதற்பால், மிளகு, சீரகம், ஏலம், உப்பு போட்டு உடன இறக்குங்கோ. பிள்ளையளுக்கெண்டால் மிளகைப் பாதியாக்குங்கோ, முழுக்க விட வேண்டாம். பனங்கட்டியின்ர தித்திப்பை மிளகுதான் மட்டுக்கு வைச்சிருக்கும்.

முந்தி இதைப் பலாவிலையைக் கோலித்தான் குடிக்கிறது. பழுத்த இலையை எடுத்துக் கூம்பாய் மடிச்சு ஈர்க்கு குத்தினால் கரண்டி. சூடான கூழ் படேக்க இலை வாசம் ஒண்டு வரும்.

#13 நெல்லைச்சீமை

வலிகாமம், மிளகும் சீரகமும் சேர்ந்தது இங்கே எங்களுக்குப் புதுசு. பயறு வறுபடும் அளவு என்ன? இளஞ்சிவப்பா, நல்ல சிவப்பா?

#14 வலிகாமம்

வாசம் வந்து தோல் வெடிக்கத் தொடங்கினால் காணும், கருகக் கூடாது. ஆறினாப் பிறகு குழவியால ஒருக்கால் உருட்டிப் புடைச்சால் கோது போயிடும். உடைச்ச பாசிப்பருப்பை வறுத்தும் போடலாம், ஆனால் அது கெதியாய்க் கரைஞ்சிடும்.

#15 கொங்குச்சோளம்

கேழ்வரகு மாவில் செய்யலாமுங்களா? பிள்ளைகளுக்குச் சத்து சேருமென்று கேட்கிறேன்.

#16 கோலப்பொடி

முழுக்க முழுக்கக் கேழ்வரகில் செய்தால் உருண்டை வெடித்து விடும், வெந்ததும் பாலும் சேறு நிறமாகிவிடும். மூன்று பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு கேழ்வரகு மாவு என்றால் நன்றாக நிற்கும். கேழ்வரகு மாவைத் தனியே மணம் வரும்வரை வறுத்துச் சேருங்கள், இல்லையென்றால் பச்சை வாடை அடிக்கும். இதற்குக் கருப்பட்டிதான் பொருத்தம். தினை, குதிரைவாலியை ஊறவைத்து அரைத்துக் காரைவீடு சொன்ன மாதிரிக் கிண்டினால் பாதிக்குப் பாதி சேர்க்கலாம்.

#17 புதுஅடுப்பு

இன்று செய்தேன். இடியாப்ப மாவு 1 டம்ளர், கொதிநீர் ஒன்றேகால் டம்ளர், சிப்பி வடிவம். 2 டம்ளர் தண்ணீரும் 1 டம்ளர் இரண்டாம் தேங்காய்ப்பாலும் கலந்து, மூன்று ஈடாகப் போட்டு, கடைசி ஈடுக்குப் பிறகு 7 நிமிடம். நறுக்கிப் பார்த்தேன், வெள்ளை இல்லை. அரை டம்ளர் வெல்லத்தைக் கரைத்து வடித்து விட்டு இரண்டு கொதி, அணைத்து ஆறவைத்து முதல் பால். ஒன்றுகூடக் கரையவில்லை, திரியவும் இல்லை. இரண்டு கிண்ணமும் காலி!

ஒரு பிரச்சினைதான் மிச்சம். மீதியை ஃபிரிட்ஜில் வைத்தேன். மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் பால் அல்வா மாதிரி இறுகிவிட்டது, சிப்பிகளும் விறைத்துப் போயின. அளவில் தப்பா?

#18 ஈரமாவு

அளவில் தப்பில்லை. வெந்த அரிசி மாவு குளிர்ந்தால் விறைப்பது அதன் குணம். பழைய இட்லியும், ஃபிரிட்ஜில் வைத்த சோறும் கட்டியாவது போலத்தான். மறுபடி சூடு ஏற்றினால் பெரும்பாலும் இளகும். ஆனால் அப்படியே அடுப்பில் வைத்தால் தேங்காய்ப்பால் பிரியும். அரை டம்ளர் வெந்நீர் விட்டு, பாத்திரத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி வைத்துச் சூடாக்குங்கள். கிளறாமல் பாத்திரத்தைக் குலுக்கினால் போதும், கிளறினால் சிப்பி உடையும்.

அடுத்த முறை மிஞ்சும் என்று தெரிந்தால், வெந்த கொழுக்கட்டையில் வேண்டிய அளவுக்கு மட்டும் இனிப்பும் முதல் பாலும் சேருங்கள். பிசைந்த மாவைக்கூட வேகவைக்காமல் ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம். வெளியே எடுத்து, வெந்நீர் தெளித்துப் பிசைந்தால் மறுபடி இளகும். தேங்காய்ப்பால் சேர்த்தது வெயில் நாளில் வெளியே நான்கு மணி நேரம்கூடத் தாங்காது. முகர்ந்து பார்த்துப் புளிப்பு வாடை இருந்தால் கொட்டிவிடுங்கள், பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

#19 காரைவீடு

மீந்த மாவுக்கு இன்னொரு வழி, மணிக் கொழுக்கட்டை. அம்மிணிக் கொழுக்கட்டை என்றும் சொல்வார்கள். இனிப்பு பிடிக்காத பிள்ளைக்கு இதுதான்.

மாவைச் சிப்பியாகவே செய்து, எண்ணெய் தடவிய இட்லித் தட்டில் ஒன்றன் மேல் ஒன்று விழாமல் பரப்பி, 7, 8 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். எடுத்ததும் தொடாதீர்கள். ஐந்து நிமிடம் ஆறினால் ஒட்டாமல் உதிரியாகக் கழன்று வரும், சூட்டில் கிளறினால் ஒரே கட்டி. வாணலியில் 2 டீஸ்பூன் நல்லெண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை. பருப்பு சிவந்ததும் கொழுக்கட்டையைப் போட்டு, பருப்புப்பொடி 2 டீஸ்பூனும் தேங்காய்த்துருவல் 2 மேஜைக்கரண்டியும் தூவி, இரண்டு புரட்டு புரட்டி இறக்குங்கள். பெரிய பிள்ளைக்கு இட்லிப் பொடி போடலாம், மூன்று வயதுக்குப் பருப்புப்பொடி போதும். தாளிப்பில் வரமிளகாய் போட்டிருந்தால் பரிமாறும்முன் எடுத்துவிடுங்கள்.

#20 புதுஅடுப்பு

பள்ளிக்கூட டப்பாவுக்கு இது தாங்குமா, விறைக்காதா?

#21 காரைவீடு

மாவு பிசையும்போது தண்ணீரை ஒரு கை கூட்டி, எண்ணெயையும் ஒரு டீஸ்பூன் கூட்டிக்கொள்ளுங்கள். மதியம் வரை மெத்தென்று இருக்கும். தேங்காய்த்துருவலை மட்டும் விட்டுவிடுங்கள், டப்பாச் சூட்டில் ஊசிப்போகும். தாளித்ததை முழுக்க ஆறவைத்த பிறகு மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் முத்து முத்தாகக் கோக்கும் ஆவி திரும்ப அதன் மேலேயே விழுந்து பிசுபிசுத்துவிடும்.